காசி யாத்திரைக்குக் குறுக்கே ஒரு கார்கோ சைக்கிள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருபத்தெட்டாவது வயதில்தான் வந்தது. அதுவும் தானாக வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மயிலாப்பூரில், நடுத்தெருவில், கையில் ஒரு தலையோடு நின்றபோது வந்தது.

(பதற வேண்டாம். பொம்மைத் தலைதான். ஆனால் அதைப் பொம்மைத் தலை என்று அங்கிருந்தவர்களுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.)

அப்போது நான் அடையாறில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு பேர், மூன்று கார்கோ சைக்கிள்கள். கடைகளிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய், வேன் நுழைய முடியாத சந்துபொந்துகளில் இறக்கிக் கொடுப்பதுதான் தொழில். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சாதாரண சைக்கிளை நடுவில் பிடித்து நன்றாக இழுத்து நீட்டி, ஹேண்டில்பாருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பெரிய பெட்டியைப் பொருத்திவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு ஒரு பேட்டரி மோட்டார் கைகொடுக்கும். (கால் கொடுக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.) என் அம்மா கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, "எம்.பி.ஏ. படிச்சுட்டு மீன்பாடி வண்டிக்கு வேலைக்குப் போறியேடி" என்றாள்.

மிதிப்பது என் வேலை இல்லை. பேசுவது என் வேலை. கடை கடையாக ஏறி இறங்கி, மடிக்கணினியைத் திறந்து படம் காட்டி, "சார், உங்க வேன் பனகல் பார்க்கைத் தாண்டறதுக்குள்ள எங்க சைக்கிள் போய் இறக்கிட்டுத் திரும்பி வந்துடும்" என்று சத்தியம் செய்ய வேண்டும். மெட்ரோ வேலைக்காகப் பாதி ஊரைத் தடுப்பு வைத்து மறித்திருந்த காலம் அது. அதனால் நான் சொன்னதில் பொய் அதிகம் இல்லை.

மிதிப்பது டெய்சியின் வேலை. டெய்சிக்கு என் வயதுதான். பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். டெய்சி ஓட்டினால் அந்த நீளமான வண்டி ரங்கநாதன் தெருக் கூட்டத்திலும் மீன் மாதிரி நழுவிப் போகும். ஒருவர் மேலும் உரசாது. அவள் ஓட்டுவதை நூறு தடவையாவது பின்னால் ஸ்கூட்டரில் வந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததையே ஓட்டியதாக நினைத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

தி. நகரில் ஒரு பெரிய பட்டு ஜவுளிக் கடை. முதலாளி ராமநாதன் சார் பார்க்கச் சாது. ஆனால் கேள்வி கேட்டால் நறுக்கென்று கேட்பார். அவரிடம் பேசி முடித்துவிட்டால் எங்கள் நிறுவனத்துக்கு வருஷம் முழுக்க வேலை. முடியாவிட்டால் அடுத்த மாதம் நான்கு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். நானும் டெய்சியும் போயிருந்தோம். நான் படம் காட்டினேன். காற்று மாசு, போக்குவரத்து நெரிசல், பார்க்கிங் தொல்லை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் உற்சாகம் தாங்காமல் ஒரு வரியைச் சேர்த்தேன்.

"ரொம்ப சுலபம் சார். குழந்தைகூட ஓட்டலாம்."

ராமநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஓட்டுவீங்களாம்மா?"

"தினமும் ஓட்டறேன் சார்."

பக்கத்தில் டெய்சிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை மயிலாப்பூர்ல புதுக் கிளை திறக்கறோம். கண்ணாடிக்குள்ள வைக்கறதுக்குப் பொண்ணு மாப்பிள்ளை பொம்மை ரெண்டு இங்க கோடவுன்ல அலங்காரம் பண்ணி ரெடியா இருக்கும். பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி ரிப்பன் வெட்டணும். போன வாரம் வேன்ல அனுப்பின பெட்டிங்க ஒன்றரை மணி நேரம் ரோட்லயே நின்னுச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பொம்மையா ஏத்திட்டு வந்துடுங்க. சொன்ன மாதிரி வந்துட்டா அன்னிக்கே கையெழுத்து."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "கண்டிப்பா சார்" என்று வந்தது.

வெளியே வந்ததும் டெய்சி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "தெனமும் ஓட்றியா? எந்த ஊர்ல ஓட்ற? கனவுலயா?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்கில்ல. கத்துக்கலாம்."

"நீ செத்தடி மாலு" என்றாள். ஆனால் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வண்டியோடு நின்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சாதாரண சைக்கிளில் ஹேண்டிலைத் திருப்பினால் கண்ணெதிரே சக்கரம் திரும்பும். இதில் நீங்கள் இங்கே திருப்பினால் எங்கோ அடுத்த தெருவில் ஒரு சக்கரம் திரும்பும். அது திரும்பியதா என்று எட்டிப் பார்த்தால் வண்டி சாயும். சாய்கிறதே என்று எதிர்ப்பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கம் சாயும். முதல் அரை மணியில் நான் இரண்டு பக்கமும் பாரபட்சம் இல்லாமல் விழுந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் நடப்பதை நிறுத்திவிட்டு, ஓரமாகச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அன்று அவர்கள் உடம்பு இளைக்காததற்கு நான்தான் பொறுப்பு.

"ஏய், சக்கரத்த இன்னாத்துக்குப் பாக்கற? அது எங்கியும் ஓடிப் போவாது. ரோட்ட பாரு. நேரா, தூரமா பாத்துக்கினே மிதி" என்று கத்திக்கொண்டே டெய்சி கூடவே ஓடி வந்தாள்.

ஆறரை மணி வாக்கில் ஒரு அதிசயம் நடந்தது. சாலையை நேராகப் பார்த்தேன். வண்டி நேராகப் போனது. மாதா கோயில் பக்கம் வரை போய், இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பிக்கொண்டு (உட்கார்ந்தபடி திருப்பத் தெரியாது), மறுபடி ஏறித் திரும்பி வந்தேன். சுவரில் இருந்த பெரியவர்கள் கை தட்டினார்கள்.

"போதும்டி, எனக்கு வந்துடுச்சு" என்றேன்.

டெய்சி வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோடவுனில் மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தேன். ஆறடி ஆள். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்த நிலை. முறுக்கு மீசை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், கழுத்தில் மாலை, தலையில் முழ உயரத்துக்குத் தலைப்பாகை. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பெட்டிக்குள் வைத்ததும் நான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, அவர் கச்சிதமாகப் பொருந்தினார். இரண்டு, அவருக்கு முன்னால் இருக்கும் தமிழ்நாடு எனக்குத் தெரியவில்லை. தூரமாகப் பார் என்றாளே டெய்சி, தூரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தலைப்பாகையின் பின்பக்கம். அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோண இடைவெளி. அதன் வழியாகத்தான் இனி சென்னை.

கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். அலங்காரம் செய்த பாபு அண்ணன் பாய்ந்து வந்து தடுத்தார்.

"இடுப்புல மட்டும் கட்டுங்க மேடம். மேல கட்டினா பட்டு சுருங்கிடும். மொதலாளி என் தோலை உரிச்சுடுவாரு."

"தலை நிக்குமா?"

"அதெல்லாம் முளைக்குச்சி போட்டு மாட்டினது. நிக்கும். ரொம்பக் குலுக்காதீங்க."

டெய்சி மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டாள். அந்தப் பெண் அடக்கமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெய்சி முன்னால் போக, நான் பின்னால் கிளம்பினேன். முதல் பத்து மீட்டர் என் இதயம் காதில் அடித்தது. பிறகு மெல்லப் பழகிவிட்டது. பாண்டி பஜார் வந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் மக்கள் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒரு பூக்காரம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒரு டீக்கடையில் நின்ற நாலைந்து பேர் கையை உயர்த்தினார்கள். ஒருவர் பக்கத்தில் ஓடிவந்து, "எந்தக் கட்சிம்மா? எலெக்ஷன் வந்துடுச்சா?" என்று கேட்டார். கைகூப்பியபடி திறந்த வண்டியில், மாலையோடு, ஓர் ஆள் மெதுவாக ஊர்வலமாக வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தானே! ஓர் ஆட்டோக்காரர் மட்டும் பக்கவாட்டில் வந்து, எட்டிப் பார்த்துச் சரியாகப் புரிந்துகொண்டார். அதாவது, தப்பாகப் புரிந்துகொண்டார்.

"இன்னாக்கா, மாப்ளைய நீயே தூக்கினு போறியா? வூட்ல ஒத்துக்கலியா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லத் திரும்பினால் விழுவேன்.

தேனாம்பேட்டை சிக்னலில் டெய்சி பச்சையில் போய்விட்டாள். எனக்குச் சிவப்பு விழுந்தது. நிறுத்திக் காலை ஊன்றி நின்றேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வேகமாக வந்தார்.

"ஏம்மா, சரக்கு வண்டியில ஆள ஏத்தலாமா? தெரியாது?"

"சார், அது வந்து..."

"நீ இரும்மா." அவர் முன்பக்கமாகப் போய் மாப்பிள்ளையிடமே பேச்சைத் தொடங்கினார். "சார், ஒரு பொம்பளப் புள்ளைய மிதிக்க வுட்டுட்டு ஜம்முனு ஒக்காந்துனு வரீங்களே, நல்லாவா கீது? எறங்குங்க."

மாப்பிள்ளை கைகூப்பியபடியே இருந்தார்.

"கும்பிட்டா வுட்டுருவனா? எறங்குங்க சார்!"

தோளைத் தட்டினார். 'டொக்' என்று ஒரு சத்தம். காவலர் கையை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். நாற்பது இருசக்கர வாகனங்களும் ஒரு மாநகரப் பேருந்தும் பார்த்துக்கொண்டிருந்தன.

"கெளம்பும்மா மொதல்ல" என்றார், சின்னக் குரலில்.

எல்டாம்ஸ் சாலை தாண்டியும் டெய்சி கண்ணில் படவில்லை. ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு நீல நிறத் தகரத் தடுப்பு. அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. அந்த அம்பைப் பின்பற்றிப் போனால் இன்னோர் அம்பு. அதன் பிறகு ஓர் அம்பு கீழே விழுந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. டெய்சி வழியை மனதில் வைத்திருப்பவள். நான் அம்பை நம்பினவள். மூன்றாவது திருப்பத்தில் மயிலாப்பூரின் ஏதோ ஒரு குறுகலான தெருவுக்குள் இருந்தேன். இரண்டு பக்கமும் பைக்குகள். திருப்ப இடம் இல்லை. பின்னால் போக இந்த வண்டிக்குத் தெரியாது, எனக்கு முன்னால் போகவே பாதிதான் தெரியும். சரி, நேராகப் போவோம், எங்காவது பெரிய தெரு வரும் என்று மிதித்தேன்.

நாதஸ்வரம் கேட்டது.

முக்கோண இடைவெளி வழியாகப் பார்த்தேன். சற்றுத் தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் இரண்டு வாழை மரம். தெருவில் ஐம்பது பேர். அவர்களுக்கு நடுவே பஞ்சகச்சம் கட்டிய ஓர் இளைஞர், ஒரு கையில் குடை, ஒரு கையில் விசிறி, காலில் புதுச் செருப்போடு என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். காசி யாத்திரை! கல்யாணமே வேண்டாம், சந்நியாசம் வாங்கப் போகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்புவதும், பெண்ணின் அப்பா போய்ச் சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்து வருவதுமான சடங்கு. பெண்ணின் அப்பா அப்போதுதான் கையில் தேங்காயோடு மாப்பிள்ளை முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்திருந்தார்.

அதே நேரம் எதிர்த்திசையிலிருந்து, மாலையும் தலைப்பாகையுமாக, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு, இன்னொரு மாப்பிள்ளை தெருவுக்குள் நுழைகிறார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு மாமா உரக்கச் சொன்னது எனக்கே கேட்டது. "ஓய், சீக்கிரம் பேசி முடியும்! மாத்து மாப்பிள்ளை வந்தாச்சு!"

தெருவே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. காரணம், வண்டி நிற்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடிக்க வேண்டும் என்பது என் கைக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குப் பதிலாக "பிரேக்! பிரேக்!" என்று வாயால் சத்தம் போட்டேன், வேறு யாராவது பிடிப்பார்கள் என்பது போல. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நிஜ மாப்பிள்ளை மட்டும் பிரியத் தெரியாமல் குடையோடு நடுவில் நின்றார். அவர்மேல் ஏற்றிவிடக் கூடாது என்று முழு பலத்தோடு வலது பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் கோலத்தைத் தாண்டி, பெட்டி வாழை மரத்தில் மோதி, வாழை மரம் சாய்ந்து, அதன்மேல் வண்டி சாய்ந்து, வண்டியின்மேல் நான் சாய்ந்தேன்.

'டப்' என்று ஒரு சத்தம். தலைப்பாகையோடு தலை கழன்றது. உருண்டது. நிதானமாக, அவசரமே இல்லாமல் உருண்டு போய், நிஜ மாப்பிள்ளையின் புதுச் செருப்பில் முட்டி நின்றது. மீசையோடு அவரை அண்ணாந்து பார்த்தது.

நாதஸ்வரம் பாதி ஸ்வரத்தில் நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. எனக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. எழுந்து, ஓடிப் போய்த் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, பொம்மைங்க, வெறும் பொம்மை" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஓர் அத்தை வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "முகூர்த்த நாளும் அதுவுமா, வாசல்ல தலை உருண்டுடுத்தே" என்று அழ ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அந்த நிமிஷம் வரவில்லை. வேலை போனால் போகட்டும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாண நாள். காலம் முழுக்க அவர்கள் வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் இதைத்தானே சொல்வார்கள்? ஒரு பொய்யால், ஒரு பொம்மைத் தலையோடு, யாரோ ஒருவர் வாழ்க்கைக்குள் வந்து விழுந்துவிட்டேனே என்று எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. கையில் இருந்த தலையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாஸ்திரிகள் வந்தார். என்னை ஒரு பார்வை, தலையை ஒரு பார்வை.

"இதுக்குப் போயா அழறேள்?" என்றார் அத்தையிடம். "திருஷ்டிக்கு வாசல்ல பூசணிக்காய் உடைக்கறோமோல்லியோ? அது மாதிரிதான். இருந்த திருஷ்டியெல்லாம் இந்தத் தலையோட உருண்டு போயிடுத்து. விக்கினம் கழிஞ்சுது. நாதஸ்வரம் ஏன் நிக்கறது? வாசிங்கோ!"

மாடிச் சன்னலிலிருந்து ஒரு குரல். மணப்பெண். அலங்காரத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண் மை கரைந்திருந்தது.

"அப்பா! ரெண்டு பேர்ல யாருன்னு சீக்கிரம் முடிவு பண்ணு. நாழியாறது!"

அந்த ஒரு வார்த்தையில் தெரு முழுக்க உடைந்து சிரித்தது. அழுதுகொண்டிருந்த அத்தைகூடச் சிரித்துவிட்டார். நிஜ மாப்பிள்ளை குடையை மடக்கிவிட்டு, "மாமா, நான் காசிக்கெல்லாம் போகலை. உள்ள போயிடலாம். போட்டி ஜாஸ்தியா இருக்கு" என்றார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்த பிடியை மண்டபத்துக்குள் போகும்வரை விடவில்லை.

போகும்போது மாப்பிள்ளை தன் சித்தப்பா பையன்கள் இருவரிடம், "டேய், அவங்களுக்கு ஹெல்ப் பண்ணுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வண்டியை நிமிர்த்தினார்கள். வாழை மரத்தையும் நிமிர்த்தினார்கள். மண்டபத்துக்குப் பூ அலங்காரம் செய்ய வந்திருந்த ஒருவர், வாயில் பீடியும் கையில் கட்டுக்கம்பியுமாக வந்து கழுத்தை ஆராய்ந்தார்.

"முளைக்குச்சி முறிஞ்சு போச்சு. கம்பி போட்டுக் கட்டிர்றேன். தலை நிக்கும். ஆனா நேரா பாக்காது. இடது பக்கமாத்தான் பாக்கும். பரவால்லியா?"

"எங்கயாவது பாக்கட்டும் அண்ணா. நின்னா போதும்."

அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அம்மா ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "கல்யாணத்துக்கு வந்துட்டு வெறும் வயத்தோட போகப்படாது" என்றார். அப்போது கைப்பேசி அடித்தது. ராமநாதன் சார்.

"ஏம்மா, பொண்ணு வந்து அரை மணி நேரம் ஆச்சு. விருந்தாளிங்க எல்லாம் வந்தாச்சு. மாப்பிள்ளை எங்க?"

எனக்குப் பொய் சொல்லும் தெம்பே இல்லை. "காசி யாத்திரையில இருக்கார் சார்" என்றேன்.

"மணி பத்தாகப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் இனி ஏறி மிதிக்கத் தயாராக இல்லை. சித்தப்பா பையன்கள் இருவரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் பக்கத்தில் நடந்து, தலையைக் கையால் தாங்கிக்கொண்டே வந்தேன். கோயில் குளத்தைச் சுற்றி அந்த ஊர்வலம் போனபோது மறுபடியும் நிறையப் பேர் கும்பிட்டார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளை அவர்களைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து இருபதுக்குக் கடை வாசலை அடைந்தோம். டெய்சி ஓடிவந்தாள்.

"இன்னாடி மாலு இது? கழுத்துக்கு இன்னாச்சு?"

"சுளுக்கு."

கேள்வி கேட்க யாருக்கும் நேரம் இல்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடி, கண்ணாடிக்குள் மணப்பெண்ணுக்குப் பக்கத்து ஆசனத்தில் அவரை உட்கார வைத்தார்கள். விளக்கைப் போட்டார்கள். ராமநாதன் சாரின் மனைவி ரிப்பனை வெட்டினார். பத்தரைக்கு நான்கு நிமிஷம் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்கள். பிறகு, சத்தம் அடங்கிவிட்டது.

மணப்பெண் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

அதாவது, நம் மாப்பிள்ளை கைகூப்பி ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே, கண்ணை மட்டும் எடுக்காமல் தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்ததால் அந்தப் பார்வையில் ஒரு சொக்கல் வேறு. தெருவில் போனவர்கள் நின்றார்கள். இரண்டு பெண்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் டெய்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ராமநாதன் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொம்மையைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அதற்குள் அவர் மனைவி சொன்னார். "மத்த கடையில எல்லா பொம்மையும் ரோட்டைத்தான் பாக்குது. இந்த ஒருத்தன்தான் பொண்டாட்டியைப் பாக்கறான். இதை இப்படியே விடுங்க."

முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

மாலை அவர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஓட்டத் தெரியாது என்பதையும் சேர்த்து. அவர் நீண்ட நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கிய பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "உங்க சைக்கிள் மேல தப்பு இல்லம்மா. அதே ரோட்ல அந்தப் பொண்ணு அரை மணியில வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: 'மாலதி அவர்கள் எக்காரணம் கொண்டும் வண்டியை ஓட்டக் கூடாது.' வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். இப்போது எங்களிடம் பதினோரு வண்டிகள் இருக்கின்றன, டெய்சிதான் ஓட்டுநர்களுக்கெல்லாம் தலைவி. அந்த வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அதைத் தட்டச்சு செய்தே அனுப்புகிறார்கள்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்பவர். காசி யாத்திரையை முழுதாக எடுத்திருந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது எப்படியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அதை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "கையில தலையோட நிக்குதே ஒண்ணு, அது நீதானே?" என்று கேட்டாள். நான் அப்படி நிற்கும் படம் இன்றைக்கும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. மணமக்களே எனக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். அவர்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. காது குத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நடந்து வரும்படி கேட்டுக்கொண்டு.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கும் கல்யாணம் ஆனது. என் மாப்பிள்ளை மண்டப வாசலில் காரிலிருந்து இறங்கியபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற என் அம்மா, தட்டைச் சுற்றுவதற்கு முன்னால் அவர் கழுத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த மனிதருக்குக் காரணம் தெரியவில்லை. யாரோ வீடியோவைக் காட்டினார்கள். பார்த்து முடித்துவிட்டு மேடையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்றும் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினால் அவர் ஒரு கையால் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கையால் தன் தலையை.